வெள்ளிப் பொட்டுக் காசு

செப்டம்பர் 24, புதன்

பால்காரர் வரவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து திரும்பிவிட்டார். மூன்றில் எது பெரிய கஷ்டம் என்று சாயங்காலம்வரை என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

போனவர் ஒரு காசோடு வந்திருக்கிறார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருஷமாக இந்த மனிதர் எங்கே போனாலும் காசைக் கொடுத்துக் காசைத்தான் வாங்கிக்கொண்டு வருவார். திருச்செந்தூருக்குப் போனால் ஜனங்கள் இலை விபூதி வாங்கி வருவார்கள். இவர் டச்சுக்காரன் காசு வாங்கி வருவார். பெயர் குற்றாலலிங்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டை நாணயக் கழகத்தின் செயலாளர். வீட்டில் எந்தச் சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று கேட்டால் என்னைக் கூப்பிடுவார்.

இன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, சாப்பாட்டு மேஜையில் கைக்குட்டையை விரித்து, நடுவில் அந்தக் காசை வைத்தார். கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்து நான் ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன்.

"பழமெல்லாம் வேண்டாம். இங்க பாரு ஆவுடை. நடுவுல ஒரு வெள்ளிப் பொட்டு தெரியுதா?"

தெரிந்தது. கன்னங்கறேலென்று ஒரு செம்புக் காசு. அதில் தலைவிரி கோலமாக ஒரு பெண். நட்ட நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு மங்கலான புள்ளி. கீழே 1792 என்று வருஷம்.

"அமெரிக்காக்காரன் முதமுதல்ல காசடிக்க ஆரம்பிச்சப்போ அடிச்சுப் பாத்தது இது. ஒரு சென்ட்டுக்கு உண்டான செம்பை முழுசாப் போட்டா காசு தோசைக்கல்லு மாதிரி கனத்துப் போகும். அதனால சின்னதா அடிச்சு, நடுவுல துளை போட்டு, கொஞ்சூண்டு வெள்ளிய வச்சு அடைச்சான். பெறுமானம் சரியாயிருமில்லா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சரிப்பட்டு வரல. விட்டுட்டான். உலகம் பூராத் தேடினாலும் எண்ணுததுக்குக் கைவிரலும் கால்விரலும் போதும்."

ஆக, ஒரு நாடு அடித்துப் பார்த்து, பிடிக்காமல் ஒதுக்கிவைத்த காசு. இதற்கு மாதிரிக் காசு என்று பெயராம். என் அடுப்பில் இது தினமும் நடக்கிறது. முதல் தோசை கல்லில் ஒட்டிப் பிய்ந்து வரும். அதை நான் தின்றுவிட்டு, இரண்டாவதிலிருந்து இவருக்குப் போடுவேன். என் முதல் தோசையை இதுவரை யாரும் கைக்குட்டை விரித்து வைத்ததில்லை.

என்ன விலை என்று கேட்டேன். கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். உள்ளே போய் என் வளையல்களைப் பார்த்தேன். இருந்தன.

செப்டம்பர் 26, வெள்ளி

காசு பீரோவில் இல்லை. பீரோவில் பாச்சா உருண்டை வாசனை படுமாம். அதனால் பூஜை அலமாரியில், அம்பாள் படத்துக்கு முன்னால், பித்தளைத் தாம்பாளத்தில் குடியேறிவிட்டது.

"அந்தப் பொம்பள முகத்தச் சுத்தி என்ன எழுதியிருக்கு தெரியுமா? சுதந்திரம்தான் படிப்புக்கும் தொழிலுக்கும் தாய்னு எழுதியிருக்கு. சரஸ்வதி பூஜைக்கும் ஆயுத பூஜைக்கும் இதவிட என்ன வேணும்?"

எண்ணெய் காணாத தலையோடு ஒரு சரஸ்வதி.

மத்தியானம் முழுக்கத் தன் தலையணை தடிமன் நாணயப் புத்தகத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். பழைய காசை எந்தக் காரணத்துக்காகவும் துலக்கக் கூடாது. காலம் பூசிய கறுப்புதான் அதன் உயிர். துலக்கிவிட்டால் பிணம். இந்தப் பாடம் எனக்குப் புதிதல்ல. என் தம்பி கைலாசம், அம்பாசமுத்திரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவன், ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்திருந்தபோது, அத்தானுக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு டச்சுக் காசைப் பற்பசை போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டான். அன்றோடு சரி. இவர் அவனோடு பேசுவதில்லை. போனில் அவன் குரல் கேட்டால் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த ஆவணியில் கைலாசம் மகனுக்குக் கல்யாணம். நான் மட்டும் போனேன். தம்பதியாக நின்று அட்சதை போட வேண்டிய இடத்தில் ஒற்றை ஆளாக நின்றேன். "அத்தான் வரலையாக்கா?" என்று தம்பி கேட்டான். மூட்டுவலி என்றேன். அதே நாளில் அத்தான் மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சியில் மூன்று மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. பக்கம் காலியாக இருந்ததால் எழுதினேன். இந்த டைரி டயர்க் கடைக்காரர் இனாமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு புத்திமதி இருக்கும். இன்றைக்கு, "அதிக பாரம் ஏற்றாதீர்."

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை பூஜை. குத்துவிளக்கு, மணி, தூபக்கால், செம்பு, தாம்பாளம் எல்லாம் துலக்கியாயிற்று. தாம்பாளத்தோடு அந்தக் காசும் வந்து புளித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. கைதவறி.

கடலை ஊறவைக்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

புதுக் காசு. அதாவது, புதுசு மாதிரி இருக்கிறது. குங்குமப்பூ நிறத்தில் தகதகவென்று, நடுவில் வெள்ளைப் பொட்டு பளிச்சென்று, அந்தத் தலைவிரிகோலக்காரி இப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவளைப் போல இருக்கிறாள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அதுதான் வினை.

நல்ல வேளையாக ஆயுத பூஜையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பூதக்கண்ணாடிக்கு ஒரு பொட்டு, ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு பொட்டு, மிக்சிக்கு ஒரு பொட்டு. காசுக்குக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். காசே தெரியவில்லை.

இவர் கற்பூரம் காட்டும்போது தாம்பாளத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தாம்பாளத்திலிருந்து மூக்கை எடுக்கவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். சுண்டலைத் தொடவில்லை. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு, "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்றார். கல்யாணமான நாளாக இந்த வாக்கியத்தை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கோயிலில் பழைய காசு கிடைத்தாலொழியப் போக மாட்டார்.

கைதவறி விழுந்த பொருளைத் தேங்காய் நார் போட்டு அவ்வளவு நேரம் தேய்க்க வேண்டியதில்லை என்று யாராவது சொல்லலாம். சொல்கிறவர்கள் அங்கே இருக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று விஜயதசமி. இவர் தாம்பாளத்திலிருந்த காசைச் சந்தனத்தோடேயே கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிரித்துப் பார்க்கவில்லை. "சந்தனம் காயட்டும்" என்றார். பாச்சா உருண்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. பீரோச் சாவியை டி.வி. மேல் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். எப்போதும் இடுப்பில் இருக்கும் சாவி. வயதாகிறது, மறதி வருகிறது.

வருகிற பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கழகக் கூட்டம். தலைவர் ஞானதுரை டாக்டர் காசைப் பரிசோதித்து, படம் எடுத்து, அமெரிக்காவில் இருக்கும் யாருக்கோ அனுப்பப் போகிறாராம். அவர் பல் டாக்டர். வாயைத் திறந்தாலே பல்லைப் பார்ப்பார், அதனால் நான் அவரிடம் அதிகம் பேசுவதில்லை.

அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அக்டோபர் 4, சனி

பக்கத்து வீட்டுப் புஷ்பராணி டீச்சரிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் சொல்லவில்லை. ஒரு செம்புப் பொருள் தெரியாமல் பளபளத்துவிட்டது, பழையபடி கறுப்பாக்க வேண்டும் என்றேன். அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவர்.

"அதுக்கென்னக்கா, அவிச்ச முட்டை ஒண்ணு போதும். மசிச்சு டப்பாவுல போட்டு, பொருளயும் உள்ள வச்சு இறுக மூடுங்க. முட்டையில கந்தகம் இருக்கு. தன்னால கறுத்துரும்."

"முட்டையா?"

"ஏன், கோழி என்ன பாவம் செஞ்சுது?"

எங்கள் வீட்டில் சமையலறைக்குள் முட்டை படத்தில்கூட வந்ததில்லை. என் மாமியார் இருந்த காலத்தில் முட்டைகோஸுக்கே "கோஸு" என்று மட்டும்தான் பெயர்.

டீச்சர் அவித்து, உரித்து, பேப்பரில் சுற்றி மதில்மேல் நீட்டினார். நான் அதை முந்தானைக்குள் வாங்கிக்கொண்டு வந்த வேகத்தில் யாராவது பார்த்திருந்தால், டீச்சர் வீட்டில் நகை திருடினேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

டி.வி. மேல் கிடந்த சாவி உதவியும் முதல் முயற்சி உருப்படவில்லை. ஒரு கன்னம் கறுப்பு, ஒரு கன்னம் சிவப்பு. அமெரிக்கச் சரஸ்வதிக்கு அம்மை போட்டதுபோல இருந்தது. புளியோதரை டப்பா இனி எதற்கும் உதவாது.

இவர் தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போகிறார். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே செருமத் தொடங்குகிறார். வாசல் கேட்டை இரண்டு முறை ஆட்டுகிறார். பிறகு செருப்பை நிதானமாக, ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றுகிறார். சளி கட்டியிருக்கும். துளசிக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன், குடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

இன்று கைகூடிவிட்டது. பழையபடி துலக்கி, காயவைத்து, இரண்டாவது முட்டை. ஒரே சீராக நல்ல காப்பிக் கொட்டை நிறம். மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுத் துணியால் ஒற்றினேன். அச்சு அசல். நானே ஏமாந்துவிடுவேன்.

ஆனால் வீடு முழுக்க நாற்றம். ஊதுபத்தி கொளுத்தினேன், சாம்பிராணி போட்டேன். இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமாயிற்று. இவர் உள்ளே வந்து, கூடத்தில் நின்று, மூச்சை ஒருமுறை இழுத்தார்.

"சாம்பார்ல பெருங்காயம் தூக்கலோ இன்னைக்கு?"

"ஆமா. கட்டிப் பெருங்காயம். கை கூடிப்போச்சு."

"நல்லதுதான். வாய்வுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தார். இன்றைக்குச் சாம்பாரே வைக்கவில்லை. தக்காளி ரசம்தான். அதைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 11, சனி

நாளைக்கு நானும் கூட்டத்துக்கு வர வேண்டுமாம். "இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நீ வந்ததில்ல. அப்படியே சுண்டல் கொண்டு வந்தியன்னா நல்லது" என்றார். பூஜையன்று தொடாத சுண்டல்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த டைரியில் நான் எதையும் இவ்வளவு நேராக எழுதியதில்லை. நாளை அந்த டாக்டர் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்? இவர் கத்த மாட்டார். கத்துகிறவர் என்றால் கவலையே இல்லை. இவர் பேசாமல் இருந்துவிடுவார். என் தம்பிக்கு ஒரு சாதாரண டச்சுக் காசுக்கு ஆறு வருஷம். இந்தக் காசுக்கு எத்தனை? தம்பிக்காவது அம்பாசமுத்திரத்தில் பேச ஆள் இருக்கிறது. இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

தம்பி மகன் கல்யாணத்தில் ஒற்றையாக நின்றதற்கு வருத்தம் இல்லை என்று எழுதியிருந்தேன். அதைப் போய் இப்போது அடிக்கப்போவதில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பள்ளிக்கூடத்து மாடியில் கூட்டம். பதினைந்து ஆண்கள், ஆளுக்கொரு பூதக்கண்ணாடி. சுவரில் இவர் கையெழுத்தில் ஒரு அட்டை: "நாணயங்களைத் துலக்காதீர்." நான் சுண்டல் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்தேன். வேறு நாற்காலி இல்லை.

டாக்டர் காசை விளக்கடியில் வைத்தார். பார்த்தார். திருப்பினார். பார்த்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அவர் இப்படித்தான் நேரம் எடுப்பார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. இத யாரோ துலக்கியிருக்காங்க. துலக்கிட்டு, மறுபடி கறுப்பு ஏத்தியிருக்காங்க."

தூக்கின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்து நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் உண்மை, எழவில்லை.

அதற்குள் இவர் எழுந்துவிட்டார்.

"நான்தான் துலக்குனேன்."

"நீங்களா?"

"ஆமா. ஆயுத பூஜைக்கு. புளியப் போட்டு நல்லாத் தேச்சுட்டேன். புத்தி கெட்டுப் போச்சு."

அந்த அட்டையை எழுதியவர் அந்த அட்டைக்கு எதிரே நின்று இதைச் சொன்னார். ஒருவர் "அண்ணாச்சியா" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ சாவு வீட்டில் இருப்பதைப் போல. இவர் காது மட்டும் சிவந்திருந்தது. முப்பத்தொரு வருஷமாகச் சேர்த்த பெயர்.

எனக்கு வேறொன்று உறைத்தது. புளி என்று சொன்னார். நான் யாரிடமும் புளி என்று சொல்லவில்லை, டீச்சரிடம்கூட. பூஜையன்று தாம்பாளத்திலிருந்து எடுக்காத அந்த மூக்கு. கோயில். டி.வி. மேல் சாவி. தெருமுனைச் செருமல். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் உட்கார்ந்தன. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சுண்டலில் காரம் அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். நான் இன்னும் திறக்கவே இல்லை.

டாக்டர் விடவில்லை. "ஒரு நிமிஷம்" என்று தன் பையிலிருந்து ஊசி போன்ற ஒன்றை எடுத்து அந்த வெள்ளைப் பொட்டை லேசாகச் சுரண்டினார். முகம் மாறியது. மறுபடி சுரண்டினார். பிறகு தோள் குலுங்கிற்று. அந்த மனிதர் சிரிப்பதை நான் இன்றுதான் பார்த்தேன். பல் வரிசையாக நன்றாக இருக்கிறது.

"அண்ணாச்சி, இது வெள்ளி இல்ல. கடவாப்பல்லுக்கு நான் அடைக்குத சாமான். அந்தக் காலத்துல தினம் பத்துப் பேருக்கு அடைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? யாரோ செம்புல வார்த்து, நடுவுல துளை போட்டு, பல்லு அடைக்குத மாதிரி அடைச்சிருக்கான். விளையாட்டுக்குச் செஞ்சதோ என்னமோ. எங்க வாங்குனிய?"

"தூத்துக்குடியில. பழைய சாமான் கடையில எடைக்குப் போட்டான்."

"எடைக்குச் சரிதான்."

எல்லோரும் இவரைத்தான் பார்த்தார்கள். இவர் முதலில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வழியும்வரை சிரித்தார். அதிர்ச்சியில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குத்தான் தெரியும், இத்தனை நாளும் இவர் நெஞ்சில் இருந்த கல் இறங்கிக்கொண்டிருந்தது. உலகத்தில் ஒரு கைப்பிடி இருக்கும் காசில் ஒன்றை நான் கொன்றுவிட்டேன் என்று நம்பிக்கொண்டுதான் இந்த மனிதர் என் ரசத்தைக் குடித்திருக்கிறார், கஷாயத்தைக் குடித்திருக்கிறார், ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறார்.

டாக்டர் காசை மூக்கருகே கொண்டுபோனார். "ஆனா கறுப்பு ஏத்துன கை நல்ல கை. வாடைதான் என்னமோ மாதிரி இருக்கு. இது என்ன வாடை அண்ணாச்சி?"

"பெருங்காயம்" என்றார் இவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஆட்டோவில் வரும்போது நான்தான் கேட்டேன்.

"புளின்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இத்தன வருஷமா ஒன் ரசத்தக் குடிக்கேன். மோந்து பாத்தாத் தெரியாதா?"

"கோவம் வரலையா?"

"வராம இருக்குமா? வந்துச்சு. அதான் கோயிலுக்குப் போனேன். தெப்பக்குளத்துப் படியில உக்காந்து நல்லாத் திட்டிட்டு வந்தேன், தெனமும்."

"கைதவறி விழுந்துட்டு" என்றேன். இந்த வாக்கியம் டைரியில் பரவாயில்லாமல் இருந்தது. ஆட்டோவில் நன்றாகவே இல்லை.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவு திரும்பிய பிறகு சொன்னார்.

"கைலாசம் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும் ஆவுடை."

அவர் கையை எடுத்து என் மடியில், காலியான சுண்டல் தூக்கின்மேல் வைத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

"ஒன் தம்பி நம்பர் அதே நம்பர்தானா?" என்று கேட்டார். அதே நம்பர்தான் என்றேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். கீழே கேட்கவில்லை. நான் காது கொடுத்துத்தான் பார்த்தேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கைலாசம், அவன் வீட்டுக்காரி, புது மாப்பிள்ளை, மருமகள் எல்லோரும் காலையிலேயே வந்துவிட்டார்கள். வாசலில் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கினான். இவர் பார்க்காத ஆறு வருஷத்தில் அவன் தலை முக்கால்வாசி நரைத்திருக்கிறது.

இவர் பூஜை அலமாரிக்குப் போய்த் தாம்பாளத்திலிருந்து அந்தக் காசை எடுத்து வந்தார். அது இப்போது அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போது அவரே எடுத்து என் கையில் கொடுத்தார், அதனால் மறுபடி தகதகவென்று இருக்கிறது. அதைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார்.

"மாப்ள, பேஸ்ட் போட்டுத் தேச்சா இந்தப் பளபளப்பு வராது வே. புளிதான் போடணும். சந்தேகம்னா ஒங்க அக்காட்ட கேளு."

தம்பி என்னைப் பார்த்தான். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். கூடத்தில் முதலில் தம்பி சிரிக்கும் சத்தம், பிறகு இவர் சிரிக்கும் சத்தம். அடுப்பின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான், எழுதிவைக்கிறேன்.

அதில் கல்லைக் கவனிக்கவில்லை. முதல் தோசை வழக்கம்போல ஒட்டி நான்கு துண்டாக வந்தது. என் தட்டில் போடப் போனேன். இவர் பின்னாலேயே வந்து தன் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அத இங்க போடு."

"பிஞ்சு போச்சு. அடுத்தது நல்லா வரும்."

"மாதிரிக்கு அடிச்சதுதானே. போடு."

போட்டேன். நின்றுகொண்டே தின்றார். நல்லாயிருக்கு என்றார். பொய்தான், உப்பே போட மறந்திருந்தேன்.